கிட்டே வரும் சிறுகோளைத் தொலைநோக்கியில் பிடிப்பது எப்படி

"பூமியை உரசிச் செல்லும் ராட்சத விண்கல்!" என்ற தலைப்பு அடிக்கடி கண்ணில் படும். உள்ளே போய்ப் படித்தால் அந்த உரசல் பத்து நிலா தூரத்திலோ இருபது நிலா தூரத்திலோ நடக்கும். ஒரு நிலா தூரம் என்பது சுமார் 3,84,400 கிலோமீட்டர், ஆக நாற்பது லட்சம், எழுபத்தைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளிப் போகிற கல் அது. பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வீட்டு மாடியில் ஒரு சின்னத் தொலைநோக்கி வைத்திருப்பவருக்கு அதே செய்தி நல்ல சேதி. நட்சத்திரங்களுக்கு நடுவே ஒரு புள்ளி நம் கண் முன்னாலேயே நகர்வதைப் பார்க்கிற வாய்ப்பு வானத்தில் அடிக்கடி கிடைப்பதில்லை.

இதில் பலரும் தோற்றுப்போவது ஒரே காரணத்தால்தான். தொலைநோக்கியை எடுத்து, அட்டவணையில் இருக்கும் இடத்துக்குத் திருப்பி, அங்கே காணோம் என்றதும் அக்கம்பக்கத்தில் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். தேடிப் பிடிக்கிற பொருள் இல்லை இது. நீங்கள் தேடத் தேட அது நகர்ந்துகொண்டே இருக்கும். ஓடுகிற பஸ்ஸைத் துரத்தாமல் அடுத்த ஸ்டாப்பில் போய் நிற்கிற மாதிரி, அது வரப்போகிற இடத்தில் முன்கூட்டியே போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். அதற்கான வேலையில் முக்கால்வாசி, இருட்டுவதற்கு முன்பே மேசையில் நடக்கிற வேலை.

எதைப் பார்ப்பது?

நாசாவின் ஜே.பி.எல். ஆய்வகத்தில், பூமிக்குக் கிட்டே வரும் பொருள்களைக் கண்காணிக்கும் சி.என்.இ.ஓ.எஸ். மையம், வரவிருக்கும் நெருங்கல்களின் அட்டவணையை இணையத்தில் போட்டிருக்கிறது. தேதி, தூரம், வேகம், அப்புறம் ‘ஹெச்’ என்று ஒரு எண். பெரும்பாலானோர் தூரத்தை மட்டும் பார்ப்பார்கள், ஆனால் ஹெச்தான் முக்கியம். சிறுகோள் சூரியனிலிருந்தும் நம்மிடமிருந்தும் தலா ஒரு வானியல் அலகு (பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தூரம்) தள்ளி, முழு முகமும் ஒளிர நின்றால் எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்பதைச் சொல்கிற பொலிவெண் அது. எண் குறையக் குறைய பிரகாசம் கூடும். ஹெச் 22 என்றால் சுமார் 140 மீட்டர் கல், 18-ஐ ஒட்டி இருந்தால் ஒரு கிலோமீட்டர் அளவுள்ள மலை.

மனக்கணக்காக ஒரு வழி வைத்துக்கொள்ளலாம். ஒரு நிலா தூரத்தில் கடந்தால் ஹெச்சிலிருந்து 13-ஐக் கழியுங்கள், பத்து நிலா தூரம் என்றால் 8-ஐ. இடையில், தூரம் இரண்டு மடங்கானால் ஒன்றரை எண் மங்கும். இப்படி வருகிற விடை முழு முகம் ஒளிரும்போது உள்ளது. நிலாவுக்குப் பிறை இருப்பது போலவே சிறுகோளுக்கும் ஒளிபடாத பக்கம் இருக்கிறது, அதற்காக ஒன்றோ இரண்டோ கூட்டிக்கொள்ள வேண்டும். உதாரணத்துக்கு 2017 செப்டம்பர் 1-ஆம் தேதி 70 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் கடந்துபோன ஃப்ளோரன்ஸ் என்ற சிறுகோள்: ஹெச் 14, தூரம் 18 நிலா தூரம். கணக்கு ஏழரை என்று சொல்லும், நிஜத்தில் 9-ஐ ஒட்டித் தெரிந்தது. மாறாக, நிலாவை விடக் கிட்டத்தில் போகிறது என்று அமர்க்களப்படும் பத்து மீட்டர் கல்லுக்கு ஹெச் 28 இருக்கும், கழித்தால் 15, மேலே சொன்ன கூட்டலோடு 16. கண்ணால் பார்க்க முயல்வது வீண். கிட்டத்தில் வருவதை விடப் பெரிதாக இருப்பதுதான் நமக்கு வேண்டும்.

50 மி.மீ. பைனாகுலரில் நல்ல இருட்டில் 9 வரைக்கும், 15 செ.மீ. தொலைநோக்கியில் 12, 13 வரைக்கும், 20 செ.மீ.யில் இன்னும் கொஞ்சம் கூடவும் கண்ணால் பார்க்கலாம். நகர வெளிச்சம் இதில் இரண்டு மூன்று எண்ணை விழுங்கிவிடும். நகர்கிற, முன்பின் பார்த்திராத ஒரு புள்ளியைப் பிடிப்பதற்காக நான் இன்னொரு எண்ணையும் கழித்துவிட்டுத்தான் பட்டியலைப் பார்ப்பேன். கூடவே இரண்டு விஷயம்: அன்று நிலா எங்கே இருக்கிறது, சிறுகோள் சூரியனிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது. சூரியன் இருக்கும் திசையிலிருந்து வருகிற கல் கடைசி வரை பகல் வானத்தில்தான் இருக்கும். 2013 பிப்ரவரி 15-ஆம் தேதி ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் மீது வெடித்தது அப்படி வந்ததுதான், முன்னதாக ஒருவர் கண்ணிலும் படவில்லை. அதே நாளில் அதற்குச் சம்பந்தமே இல்லாத 2012 டிஏ14 என்ற கல், தரையிலிருந்து சுமார் 27,700 கிலோமீட்டர் உயரத்தில் கடந்தபோது பைனாகுலரில் பார்க்க முடிந்தது.

உங்கள் இடத்துக்கான கணக்கு

இங்கே கொஞ்சம் பொறுமையாக இருங்கள், இரவின் வெற்றி தோல்வி இதில்தான் இருக்கிறது.

ஜே.பி.எல்.லின் ஹொரைசன்ஸ் சேவையைத் திறந்து சிறுகோளின் பெயரைக் கொடுத்தால், அது எந்த நேரத்தில் வானத்தில் எங்கே இருக்கும் என்று சொல்கிற இடக்கணிப்பு அட்டவணை வரும். அதில் பார்வையாளரின் இடம் என்பது தானாகவே ‘பூமியின் மையம்’ என்றுதான் இருக்கும். அதை மாற்றி உங்கள் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம் மூன்றையும் கொடுத்தே ஆக வேண்டும். கோள்களுக்கு இது தேவைப்படாது, அதனால் பலர் மறந்துபோகிறார்கள். பூமியின் மையத்திலிருந்து பார்ப்பதற்கும் அதன் மேற்பரப்பில் நின்று பார்ப்பதற்கும், ஒரு நிலா தூரத்தில் இருக்கும் பொருளின் இடம் ஏறக்குறைய ஒரு பாகை வரை மாறும். முழுநிலாவின் அகலமே அரைப் பாகைதான். இரண்டு நிலா அகலம் தள்ளி ஐபீஸை (தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் லென்ஸை) வைத்துக்கொண்டு விடியும்வரை பார்த்தாலும் ஒன்றும் வராது. பத்து நிலா தூரத்தில் இந்தப் பிழை ஆறு கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு கலை) அளவுக்குச் சுருங்கிவிடும், ஆனாலும் கேமரா வைத்திருப்பவருக்கு அது பெரிய பிழைதான்.

நேர இடைவெளியை ஐந்து நிமிடம் என்று வையுங்கள், ரொம்ப வேகமான கல் என்றால் ஒரு நிமிடம். வேண்டிய விவரங்கள்: வான ஆயங்கள் (வானத்தில் இடத்தைக் குறிக்கும் எண்கள்), தொடுவானத்திலிருந்து எத்தனை பாகை உயரம், பொலிவெண், வானத்தில் நகரும் வேகமும் திசையும், இடத்தின் நிச்சயமின்மை. கடைசியாகச் சொன்னதைத் தவற விடாதீர்கள். போன வாரம்தான் கண்டுபிடித்த கல்லாக இருந்தால் அதன் பாதை சரியாகத் தெரிந்திருக்காது, நிச்சயமின்மை உங்கள் ஐபீஸின் பார்வைப்புலத்தை விடப் பெரிதாக இருந்தால் அன்று வேறொன்றைப் பாருங்கள். அட்டவணையைக் காலையில் எடுத்துவைத்து இரவில் பயன்படுத்துவதை விட, கிளம்புவதற்குச் சற்று முன்னால் எடுப்பது மேல். பகலில் புதிய அளவீடுகள் சேர்ந்திருக்கலாம்.

நேரங்கள் உலக நேரத்தில் இருக்கும். உங்கள் கடிகாரத்துக்கு மாற்றும்போது மணி மட்டுமில்லை, தேதியும் மாறலாம். மாற்றிய நேரத்தை அட்டவணையில் பக்கத்திலேயே கையால் எழுதிவிடுங்கள், நள்ளிரவில் கூட்டல் கழித்தல் வேண்டாம்.

அடுத்து, ஆயங்களைக் கணினி மவுண்ட்டில் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அமைப்பில்) தட்டச்சு செய்யும் ஆட்கள் கவனிக்க: ஹொரைசன்ஸ் தருவது 2000-ஆம் ஆண்டின் ஆயங்கள். பல மவுண்ட்கள் இன்றைய தேதியின் ஆயங்களை எதிர்பார்க்கும். பூமியின் அச்சு மெதுவாகச் சுற்றுவதால் இரண்டுக்கும் இடையில் இந்நேரம் இருபது கலைக்கு மேல் வித்தியாசம் வந்துவிட்டது. மவுண்ட்டின் அமைப்பில் எது என்று பார்த்து ஒத்துப்போக வையுங்கள்.

ஸ்டெல்லேரியம் போன்ற மென்பொருளில் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். படம் வரைய அது நல்லதுதான், ஆனால் அதில் ஏற்றிவைத்திருக்கும் சுற்றுப்பாதை விவரங்கள் மாதக்கணக்கில் பழையதாக இருந்தால், அதற்குள் பூமியின் ஈர்ப்பு பாதையை வளைத்திருப்பது அதற்குத் தெரியாது. ரொம்பக் கிட்டே வருகிற கல்லுக்கு அன்றைய விவரங்களை இறக்கிக்கொண்டு, அப்புறம் ஹொரைசன்ஸ் சொல்வதோடு ஒரு நேரத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகவில்லை என்றால் ஹொரைசன்ஸ் பக்கம் நில்லுங்கள்.

கண்ணால் பார்க்க

நட்சத்திர வரைபடத்தில் சிறுகோளின் பாதையை ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளியாகக் குறியுங்கள். அந்தப் பாதையில், ஓரளவு பிரகாசமான ஒரு நட்சத்திரத்துக்கோ எளிதில் அடையாளம் தெரிகிற ஒரு சின்ன நட்சத்திர முக்கோணத்துக்கோ பக்கத்தில் கல் எப்போது வருகிறது என்று பாருங்கள். அதுதான் நீங்கள் காத்திருக்கப்போகிற இடம். கால் மணி நேரம் முன்னாலேயே அங்கே போய்விடுங்கள். குறைந்த பெருக்கம் தரும் ஐபீஸைப் போட்டு, வரைபடத்தில் உள்ள நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, இன்னும் கல் வராத அந்த வெற்றிடத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். தொலைநோக்கி வகையைப் பொறுத்துப் படம் தலைகீழாகவோ இடவலம் மாறியோ தெரியும். மேற்கு எது என்று சந்தேகம் வந்தால் டிராக்கிங்கை (நட்சத்திரங்களைத் தொடர்ந்து தொலைநோக்கி தானாகத் திரும்புவதை) ஒரு நிமிடம் நிறுத்துங்கள், நட்சத்திரங்கள் நகர்ந்து வெளியேறும் பக்கம் மேற்கு.

எவ்வளவு வேகத்தில் வரும்? ஒரு நிலா தூரத்தில், பார்வைக்குக் குறுக்காக நொடிக்குப் பத்து கிலோமீட்டர் போகிற கல் வானத்தில் நொடிக்கு ஐந்து விகலை (கலையில் அறுபதில் ஒரு பங்கு ஒரு விகலை) நகரும். மணிக்கு ஐந்து பாகைக்கு மேல். ஒரு பாகைப் பார்வைப்புலத்தைப் பன்னிரண்டு நிமிடத்தில் கடந்துவிடும், 50 மடங்குப் பெருக்கத்தில் அது ஊர்வது நேரடியாகவே கண்ணுக்குத் தெரியும். பத்து நிலா தூரத்தில் அதே கல் நொடிக்கு அரை விகலைதான். அப்போது வெறும் வெளியில் அது நகர்வது தெரியாது, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் இருக்க வேண்டும். இரண்டு மங்கலான நட்சத்திரங்களுக்கு இடையில் மூன்றாவதாக ஒரு புள்ளி நிற்கும், மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணம். கண்ணை எடுத்து வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் முக்கோணம் சப்பையாகியிருக்கும். இன்னும் சற்றுப் பொறுத்தால் மூன்றும் ஒரே கோட்டில் வரும், அப்புறம் மறுபக்கம் முக்கோணம் உருவாகும். பெருக்கத்தை 100-க்கு ஏற்றினால் இது இன்னும் சீக்கிரம் தெரியும். நேராக முறைத்துப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்வையை வைப்பது, செல்போன் வெளிச்சத்தைத் தவிர்ப்பது எல்லாம் வழக்கமானதுதான்.

வட்டாகத் தெரியும், பள்ளம் தெரியும் என்று எதிர்பார்க்காதீர்கள். நான்கைந்து கிலோமீட்டர் பெரிய ஃப்ளோரன்ஸ்கூட அந்தத் தூரத்தில் ஒரு விகலையில் ஏழில் ஒரு பங்குதான். புள்ளி, நகரும் புள்ளி. ஆனால் சில கற்கள் மின்னும், அதாவது சுழலச் சுழல பிரகாசம் ஏறி இறங்கும். 2017 அக்டோபரில் கடந்த 2012 டிசி4 சுமார் 12 நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றிக்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட கல்லில் பக்கத்து நட்சத்திரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால் ஏற்ற இறக்கம் பிடிபடும்.

செயற்கைக்கோளைப் பார்த்து ஏமாறாமல் இருக்க: தாழ்ந்த சுற்றுப்பாதையில் இருப்பவை சட்டென்று பார்வைப்புலத்தைக் கிழித்துக்கொண்டு போய்விடும், குழப்பம் இல்லை. குழப்புவது பூமியோடு சேர்ந்து சுற்றும் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்கள். வான நடுக்கோட்டை ஒட்டி, நட்சத்திரங்களுக்கு எதிராக நொடிக்கு 15 விகலை நகரும். டிராக்கிங்கை நிறுத்திப் பாருங்கள். நட்சத்திரங்கள் ஓட, அந்தப் புள்ளி மட்டும் அசையாமல் நின்றால் அது செயற்கைக்கோள்.

கேமராவில்

கேமரா இருந்தால் 17, 18 வரை உள்ள கற்களும் கைக்கு எட்டும், பட்டியல் பல மடங்கு நீளும். எக்ஸ்போஷரை எவ்வளவு வைப்பது என்பதற்கு ஒரு வகுத்தல் போதும்: உங்கள் படத்தில் நட்சத்திரம் எத்தனை விகலை அகலம் விழுகிறதோ, அதைக் கல்லின் வேகத்தால் வகுங்கள். நட்சத்திரம் 3 விகலை, கல் நொடிக்கு அரை விகலை என்றால் 6 நொடி. அதற்கு மேல் வைத்தால் கல்லின் ஒளி ஒரே இடத்தில் சேராமல் கோடாக இழுபடும். பிரகாசமான கல் என்றால் கோடாக விழுவதும் அழகுதான், அடையாளம் காண சுலபமும்கூட. மங்கலான கல்லுக்கு மட்டும் குட்டிக் குட்டி எக்ஸ்போஷராக நிறைய எடுத்து, பின்னால் கல்லின் வேகத்துக்கும் திசைக்கும் ஏற்ப நகர்த்தி ஸ்டாக் செய்ய, அதாவது ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அப்போது நட்சத்திரங்கள் கோடாகும், கல் புள்ளியாக எழுந்து வரும். அஸ்ட்ரோமெட்ரிகா, டைக்கோ டிராக்கர் இரண்டும் இதைச் செய்யும்.

தானே படமெடுத்துத் தானே ஸ்டாக் செய்கிற ஸ்மார்ட் தொலைநோக்கிகள் இப்போது நிறையப் பேரிடம் இருக்கின்றன. அவை நட்சத்திரங்களை வைத்து ஸ்டாக் செய்பவை, நகர்கிற புள்ளியைக் குப்பை என்று நினைத்துத் துடைத்தெறிந்துவிடவும் கூடும். தனித்தனிப் படங்களைச் சேமிக்கும் வசதியை முன்னதாகவே இயக்கிவையுங்கள்.

அளந்து அனுப்ப நினைத்தால்

எடுத்த படத்திலிருந்து கல்லின் இடத்தை அளந்து சர்வதேச வானியல் ஒன்றியத்தின் சிறுகோள் மையத்துக்கு அனுப்பலாம். அதற்கு முதலில் உங்கள் இடத்துக்கு ஒரு ஆய்வகக் குறியீடு வாங்க வேண்டும். எண் பெற்ற, பாதை நன்றாகத் தெரிந்த சாதுவான சிறுகோள்களைச் சில இரவுகள் அளந்து அனுப்பி, உங்கள் அளவீடு நம்பகமானது என்று காட்டினால் கிடைக்கும். வேகமான கல்லில் நேராகக் கைவைக்காமல் இதிலேயே பழகிக்கொள்வது நல்லது.

வேகமான கற்களில் உயிர்நாடி கடிகாரம்தான். நொடிக்கு ஐந்து விகலை நகரும் கல்லில் உங்கள் கணினி ஒரு நொடி பிந்தியிருந்தால் இடம் ஐந்து விகலை பிசகும், மற்றதை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அந்த அளவீடு உதவாது. கணினி நேரத்தை இணைய நேரச் சேவையகத்தோடு அடிக்கடி ஒத்திசையுங்கள், முடிந்தால் ஜி.பி.எஸ். கருவியோடு. படக்கோப்பில் பதிவாகும் நேரம் எக்ஸ்போஷரின் தொடக்கமா, நடுவா, முடிவா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள், பாதி எக்ஸ்போஷர் அளவுக்குப் பிழை நுழைவது பெரும்பாலும் இதில்தான்.

துணைக்கு ஓர் ஆள் கிடைத்தால், குறியீடெல்லாம் இல்லாமலே செய்யக்கூடிய இன்னொன்று உண்டு, எனக்குப் பிடித்ததும் இதுதான். ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நண்பரும் நீங்களும் ஒரே நொடியில் ஒரே கல்லைப் படமெடுங்கள். ஒரு நிலா தூரத்தில் இருந்தால் இரண்டு படங்களிலும் கல் நட்சத்திரங்களுக்கு நடுவே சுமார் ஒன்பது கலை வித்தியாசத்தில் நிற்கும். இருவருக்கும் இடையிலான தூரம் பார்வைக் கோட்டுக்குச் செங்குத்தாக எவ்வளவு என்று கண்டுபிடித்து, அதை அந்தக் கோணத்தால் (ரேடியனில்) வகுத்தால் கல்லின் தூரம் வந்துவிடும். பள்ளிக்கூடக் கணக்குதான், ஆனால் விண்வெளியில் ஓடும் ஒரு கல்லின் தூரத்தை யாரையும் கேட்காமல் நீங்களே அளந்திருப்பீர்கள்.

2029 ஏப்ரல் 13

அபோஃபிஸ் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சுமார் 340 மீட்டர் பெரிய கல், 2004-இல் கண்டுபிடிக்கப்பட்டது. 2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை, தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில், அதாவது தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களை விடத் தாழ்வாகக் கடக்கும். மோதாது. அடுத்த நூறு ஆண்டுகளுக்கு அந்த ஆபத்து இல்லை என்பது 2021-இல் எடுத்த ரேடார் அளவீடுகளுக்குப் பிறகு உறுதியாகிவிட்டது. பொலிவெண் 3-ஐ ஒட்டி இருக்கும், ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்கு ஆசியாவில் வெறும் கண்ணுக்கே தெரியும்.

அன்றைக்குத் தொலைநோக்கி தேவையில்லை. உச்ச வேகத்தில் முழுநிலாவின் அகலத்தை ஒரு நிமிடத்துக்குள் கடக்கும் என்பதால் ஐபீஸில் வைத்துப் பிடிப்பது பெரும்பாடு, மாறாக முக்காலியில் நிறுத்திய பைனாகுலரும் சாதாரண லென்ஸ் போட்ட கேமராவும் போதும். கேமராவை நட்சத்திரங்களைத் தொடரும் சின்ன மவுண்ட்டில் வைத்து, சில நொடி எக்ஸ்போஷராகத் தொடர்ந்து எடுத்தால் மணிக்கணக்கான பாதை ஒரே படத்தில் வந்துவிடும். இடக்கணக்கு மட்டும் இங்கே வேறு எதையும் விட முக்கியம், இவ்வளவு கிட்டத்தில் பக்கத்து ஊருக்கு எடுத்த அட்டவணைகூட உங்களுக்குச் சரிவராது.

மேகம் மூடிவிட்டால் எந்தக் கல்லாக இருந்தாலும் அடுத்த இரவையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலான பெரிய கற்கள் நெருங்கல் நாளுக்கு முன்னும் பின்னும் சில இரவுகள் ஓரளவு பிரகாசமாகவே இருக்கும். ஒரு நாளில் வானத்தில் எங்கோ போயிருக்கும், அதனால் பழைய வரைபடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஓர் அட்டவணை எடுத்துக்கொள்ளுங்கள்.